நான் கெட்டவன் அல்லன் என்று பத்திரிகையில் போடவும்

காமென் தோல், மேல்தெரு
1871, கார்த்திகைக் குளிர் காலம்

இஸ்தான்புல் பட்டணத்தில் நம் பல்கேரிய மொழியில் பத்திரிகை நடத்திவரும் மகா கனம் பொருந்திய ஆசிரியர் ஐயா அவர்களின் சமூகத்துக்கு, மேல்தெரு ரொட்டிக்காரன் நைதென் தொப்பியைக் கழற்றி எழுதிக்கொண்டது. இங்கு நானும் என் மனைவி தோனாவும் அடுப்பும் சுகம். அடுப்பு சுகம் என்பது பாதிதான் உண்மை. அதைச் சொல்லவே இக்கடிதம்.

எங்கள் ஊர் வாசகசாலையில் நாடகம் போடுவது என்று முடிவானது தங்களுக்குத் தெரிந்திருக்கலாம். வாத்தியார் வெல்யூ ஒரு பிரெஞ்சு நாடகத்தைப் பல்கேரியன் ஆக்கினார். அந்நியப் புத்தகம் எது கிடைத்தாலும் ஊரையும் பெயரையும் நம்முடையதாக மாற்றிவிடுவது நம் எழுத்தாளர்களின் வழக்கம்தானே. அதன்படி பாரீஸ் காமென் தோல் ஆயிற்று, திராட்சை மது பிளம் சாராயம் ஆயிற்று. பனியில் நின்று பிச்சை கேட்கும் விதவையை விரட்டியடிக்கும் கொடிய பிரபு ஒருவன் மட்டும் மிச்சம் இருந்தான். வாத்தியார் என் கடைக்கு வந்து, "நம்ம ஜனங்க பிரபுவ எங்க பாத்தாங்க, நைதென் அண்ணே? ரொட்டிக்காரரத்தான் தினம் பாக்கறாங்க. அதனால பிரபுவ ரொட்டிக்காரனா மாத்திட்டேன். நீங்களே நடிச்சிடுங்க, அடுப்புல ரொட்டி தள்ற துடுப்பு கூட உங்க கையிலயே இருக்கு" என்றார். நானும் பெருமையில் தலையாட்டிவிட்டேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

விதவையாக நடித்தவன் தையல்காரன் மின்சோ. நம் பெண்கள் மேடை ஏறுவதில்லை அல்லவா, அதனால் அவன் காது வரை வளர்த்திருந்த மீசையை நாட்டுக்காக மழித்துக்கொண்டான். பள்ளிக்கூடத்து மேசைகளைச் சேர்த்து மேடை, கம்பளத்தைத் தொங்கவிட்டுத் திரை. கூட்டமோ சன்னல் வரை. ஒன்று சொல்லியாக வேண்டும் ஐயா, எங்கள் தலைமுறை பள்ளியில் அடி வாங்கிக் கற்றது கிரேக்கம். கண்ணியமாக அழுவதற்குக்கூடக் கிரேக்கம்தான் வேண்டும் என்று நினைத்திருந்தோம். அன்று மின்சோ வாயைத் திறந்து, எங்கள் வீட்டில் பேசுகிற பேச்சிலேயே, "ஐயா, குழந்தை நேத்துலேருந்து பட்டினி" என்றதும், எதிரில் நின்ற எனக்கே சந்தோஷத்தில் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. ஆனால் என் வசனம் வந்துவிட்டது. துடுப்பை ஓங்கி, "உனக்கு இங்க ரொட்டி கிடையாது, போடி வெளியே!" என்று கர்ஜித்தேன். நன்றாகவே கர்ஜித்துவிட்டேன் போலிருக்கிறது. தகரக்காரர் மனைவி கேரா முன்வரிசையிலிருந்து மேடைமேல் ஏறி, தன் பையிலிருந்த ரொட்டியை மின்சோ கையில் திணித்துவிட்டு, அதே பையால் என் தலையில் ஒன்று போட்டாள். "நாசமாப் போறவனே, உன் வாயி வேகட்டும்!" என்றாள். ஊரே கை தட்டியது.

மறுநாள் ஞாயிறு. ஞாயிறு என்றால் மேல்தெரு முழுக்கத் தன் ஆட்டுக்கறிச் சட்டியையும் வெண்ணெய் தடவி மடித்த பானித்சாப் பணியாரத் தட்டையும் வேகவைக்க என் அடுப்புக்குத்தான் தூக்கி வரும். நான் விறகை எரித்துத் தணலைத் தள்ளிவிட்டுக் காத்திருக்கிறேன், ஒரு தட்டு வரவில்லை. வெண்ணெய் மணக்க மணக்க எல்லாத் தட்டும் என் வாசலைத் தாண்டிக் கீழ்த்தெரு அடுப்புக்குப் போகின்றன. "கேரா, அது நாடகம்மா!" என்று கூப்பிட்டேன். "நாடகம்னு தெரியும். மனசுல இல்லாமயா அப்படிக் கத்துவ?" என்று கேட்டுவிட்டுப் போனாள். பாதிரியார் என்னைத் தனியே அழைத்து, பாவமன்னிப்புக்கு வரச் சொன்னார். தோனா மட்டும் என்னை விட்டாளா? "ஏங்க, அந்த 'போடி' வாத்தியார் எழுதினதா, நீங்களா சேத்ததா?" என்கிறாள். இதற்கிடையில் மாடி வீடு கட்டிய மின்சோவுக்கு ஊரார் முட்டையும் கம்பளிக் காலுறையும் கொண்டுபோய்க் கொடுக்கிறார்கள், பாவம், விதவையாம்! அவனும் கூசாமல் வாங்கிக்கொள்கிறான்.

ஒரு வாரமாக அடுப்பு வெறும் சூட்டில் கிடக்கிறது. இப்படியே போனால் கடையை மூட வேண்டியதுதான். ஆகையால் ஐயா, தங்கள் பத்திரிகையில், "காமென் தோல் மேல்தெரு நைதென் கெட்டவன் அல்லன், கெட்டவன் பிரெஞ்சுக்காரன்" என்று நாலு வரி போட்டு ஒரு குடும்பத்தைக் காப்பாற்றவும். தங்கள் பேனாவில் மையும் தங்கள் மேசையில் ரொட்டியும் என்றும் குறையாதிருக்கட்டும். அச்சுக் கோப்பவர்களுக்கும் என் அன்பைச் சொல்லவும்.

தங்கள் விசுவாசமுள்ள
ரொட்டிக்காரன் நைதென்

பின்குறிப்பு: வண்டிக்காரன் வராததால் கடிதம் இங்கேயே கிடந்தது. மேற்சொன்னதைப் போட வேண்டாம். விஷயம் இதுதான். வாத்தியார் வெல்யூ மனம் கேளாமல் வந்து, என் மாவுப் பலகையிலேயே உட்கார்ந்து புதிதாக ஒரு காட்சி எழுதினார். ரொட்டிக்காரன் மனம் திருந்துகிற காட்சி. பிரெஞ்சிலும் இல்லை, கிரேக்கத்திலும் இல்லை, முழுக்க அவருடைய சொந்தச் சரக்கு. எழுதி முடித்ததும் தாளை என்னிடம் நீட்டினார். "அண்ணே, இது யாரையும் பாத்து எழுதல" என்றார். எனக்கும் கண் கலங்கிவிட்டது. மறுபடி நாடகம் போட்டோம். நான் மண்டியிட்டு அழுதேன், கேரா மேடை ஏறி என் கன்னத்தில் முத்தமிட்டாள். விடிந்ததும் தட்டுகள் வரிசை கட்டின. வரிசையின் தலையில் மின்சோ, தன் பிள்ளைகள் அத்தனை பேருடனும். "என்னடா?" என்றேன். "நேத்து ஊரு முன்னால மண்டி போட்டுச் சொன்னீங்களே அண்ணே, 'நான் உயிரோட இருக்கிற வரைக்கும் உனக்கு ரொட்டி சும்மா'ன்னு" என்றான். பின்னால் நின்ற ஊரே, "சொன்னீங்க, சொன்னீங்க!" என்றது. எனக்குச் சிரிப்பு அடக்க முடியவில்லை, கொடுத்துத் தொலைத்தேன். இன்று அவன் மச்சான் குடும்பமும் வந்திருக்கிறது. ஆகையால் ஐயா, நான் கெட்டவன்தான், திருந்தவே இல்லை என்று கொட்டை எழுத்தில், முதல் பக்கத்தில் போடவும்.