பின்சீட்டில் படுத்த இன்ஜின் அண்ணாச்சி

கொல்கத்தாவிலேயே தூங்கிக்கொண்டு வைத்தியம் பார்த்த ஒரே ஆள் எங்கள் இன்ஜின் அண்ணாச்சிதான். வைத்தியம் மனிதர்களுக்கு அல்ல, என் காருக்கு.

தூத்துக்குடிக்காரர். கிடர்பூர் துறைமுகத்தில் கப்பல்களை இழுத்து வரும் படகின் இன்ஜின் அறையிலேயே ஆயுளைக் கழித்துவிட்டு, லேக் மார்க்கெட் பக்கம் எங்கள் கட்டடத்தின் கீழ்வீட்டில் ஓய்வாக இருந்தார். ஓய்வுதான் வினையானது. அடியில் டீசல் இன்ஜின் உறுமாமல் மனிதருக்குத் தூக்கம் வராது. வெறும் மிக்சியை ஓடவிட்டுப் பக்கத்தில் படுத்துப் பார்த்திருக்கிறார். மிக்சி புகைந்ததுதான் மிச்சம்.

“வேலைய விட்டதுலேருந்து பொட்டு உறக்கமில்ல தம்பி. இப்படியே போனா ஆளு என்னத்துக்கு ஆவாவ” என்று அவர் மனைவி, நான் மதினி என்று கூப்பிடுகிறவர், என்னிடம் அழாத குறை.

அந்த நேரத்தில்தான் நான் ஒரு பழைய டீசல் காரை வாங்கித் தொலைத்தேன். பார்க்கப் போனபோது பரம சாது. வீட்டுக்கு வந்த வாரமே சுயரூபம் காட்டியது. கரும்புகை, கடகட சத்தம், இழுவை சுத்தமாக இல்லை. டாக்குரியா பாலத்தில் ஏறும்போது பக்கத்து ஆட்டோக்காரர், இறங்கித் தள்ளினால் சீக்கிரம் போகலாம் என்று வங்காளத்தில் யோசனை சொன்னார்.

“பாடாவுல, நம்ம தெருவுல அத்தன பேரும் சிரிக்கறாங்க. துர்கா பூஜாக்குள்ள சரியாகலன்னா காயலான் கடைதான்” என்றாள் என் மனைவி சுதா.

விஷயம் கேள்விப்பட்டு அண்ணாச்சி தலையணையோடு வந்து நின்றார். “நீங்க பாட்டுக்கு ஓட்டுங்க. நான் சொல்லுத வரைக்கும் நிப்பாட்டிராதிய.”

பின்சீட்டில் காலை மடக்கிப் படுத்தவர், லேக்கைத் தொடுவதற்குள் குறட்டை விட்டார். மழை விட்ட மதியம். சாலையெங்கும் தண்ணீர், தண்ணீருக்குள் மரங்கள். பஸ்களின் ஹார்ன்கூட எங்கோ தொலைவில் கேட்டது. இன்ஜினும் குறட்டையும் ஒன்றாகக் கலந்து, நான் ஓட்டுவது காரா படகா என்று எனக்கே சந்தேகம் வந்துவிட்டது.

ஜாதவ்பூரில் திடீரென்று எழுந்து உட்கார்ந்தார். “புரொப்பெல்லர்ல வலை சிக்கியிருக்குவே. மூச்சு முட்டுது.” சொல்லிவிட்டு மறுபடி படுத்துக்கொண்டார்.

மெக்கானிக்கிடம் இதை அப்படியே சொன்னேன். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சிரித்து முடித்துவிட்டு ஏர் ஃபில்டர் பெட்டியைத் திறந்தால், உள்ளே யாரோ மறந்துவிட்டுப் போன துடைக்கும் துணி. அதை எடுத்ததும் கரும்புகை நின்றது.

அடுத்த ஞாயிறு அரைத்தூக்கத்தில், “நாலு பேர்ல ஒருத்தனுக்குச் சோறு சரியா எறங்கல, பாத்திரத்தப் போட்டு உருட்டுதான்” என்றார். மெக்கானிக் இந்த முறை சிரிக்கவில்லை. இன்ஜினுக்கு டீசல் ஊட்டும் இன்ஜெக்டர்களைக் கழற்றிப் பார்த்தார். நான்கில் ஒன்று பழுது. மாற்றியதும் கடகடவும் போனது.

கார் பட்டுப்போல ஓடியது. ஆனால் ஞாயிறு தவறாமல் அண்ணாச்சி தலையணையோடு வந்தார். “இன்னும் ஒரு சத்தம் கேக்கு தம்பி.”

“வண்டிக்கு எல்லாம் சரியாயிடுச்சு. அவருக்குத்தான் இன்னும் சரியாகல” என்றாள் சுதா.

எனக்கும் ஞாயிறு ஒருநாள்தானே. ஒரு வாரம் வெட்கத்தை விட்டுச் சொல்லிவிட்டேன். “வண்டி நல்லாருக்கு அண்ணாச்சி. இனி பாக்க வேண்டாம்.”

“அப்படியா. நல்லது” என்றார். தலையணையை மார்போடு அணைத்துக்கொண்டு திரும்பினார். சிவந்த கண்ணோடு அந்தப் பெரிய உடம்பு தளர்ந்து போவதைப் பார்க்க எனக்குத் தாங்கவில்லை.

“ஆனா பிரேக் பிடிச்சா ஒரு மாதிரி முனகுது.”

சட்டென்று நின்றார். “எந்தப் பக்கம்?”

“அதுதான் பிடிபடல. கொஞ்சம் படுத்துப் பாருங்களேன்.”

அதன்பிறகு என் கார் பிடிக்காத நோயில்லை. வாரம் ஒரு சத்தம் கண்டுபிடிப்பதே எனக்குப் பெரிய வேலையாகிவிட்டது.

போன வருஷம் அவரை மகன் தூத்துக்குடிக்கே அழைத்துப் போய்விட்டான். சில மதியங்களில் மதினி போன் செய்கிறார். “அவுக கண்ணே மூடல தம்பி.” சுதாதான் கார் சாவியை எடுத்து என் கையில் திணிப்பாள். நான் இறங்கிப் போய் பானெட்டைத் திறந்து, இன்ஜினை ஓடவிட்டு, போனை அதன் பக்கத்தில் பிடித்துக்கொண்டு நிற்பேன். மறுமுனையில் குறட்டை கேட்கும்வரை கை வலிப்பதில்லை.