சட்டுவத்தார் குரல்பேனா வாங்கிய கதை

காதின் மேல் பேனாவைச் செருகிக்கொண்டு திரிகிறவர்கள் உலகத்தில் எத்தனையோ பேர் உண்டு. அந்தப் பேனாவால் இன்றுவரை ஓர் எழுத்துக்கூட எழுதாதவர் ஒருவரே ஒருவர்தான். பாறசாலைக்கும் நெய்யாற்றின்கரைக்கும் நடுவே எங்கே கல்யாணம் நடந்தாலும், சமையல் கொட்டகையான ஆக்குப்புரையில், இடுப்பில் தோர்த்துத் துண்டை இறுக்கிக்கொண்டு அவர் நிற்பார். பெயர் எனக்குத் தெரியாது. கேட்டால் அவரே ஒரு கணம் யோசித்துத்தான் சொல்வார் என்று நினைக்கிறேன். நெடிய மெலிந்த உடம்பு. அதன் உச்சியில் அகன்று தட்டையான தலை. உருளியில் பாயசம் கிண்டுகிற நீண்ட கரண்டிக்கு எங்கள் பக்கத்தில் சட்டுவம் என்று பெயர். படைத்தவன் முதலில் ஒரு சட்டுவத்தைச் செய்து பார்த்துவிட்டு, அதே அச்சில் இவரையும் வார்த்திருக்க வேண்டும். ஊர் அவரைச் சட்டுவம் என்றது. நான் மரியாதை கருதிச் சட்டுவத்தார் என்பேன்.

அடக்கம் என்ற குணம் அவரிருக்கும் திசையில் எட்டிப் பார்த்ததில்லை. "இந்தத் தாலுகாவிலே பாயசம்னா நான் வைக்கதாக்கும். மத்தவன் வைக்கது சீனி போட்ட கஞ்சி" என்று, அந்த மத்தவன் பக்கத்தில் நிற்கும்போதே சொல்வார். ஆனால் அடுப்பை மூட்டுமுன் அதை வலம்வந்து கும்பிடுவார். அடியாருக்கு அமுது படைப்பதே பெரிய வழிபாடு என்று பாடியும் கேட்டும் வளர்ந்த எனக்கு, அந்தக் கும்பிடு ஒன்றுக்காகவே அவருடைய மற்ற ஆரவாரங்களையெல்லாம் பொறுத்துக்கொள்ளத் தோன்றும்.

எழுதத் தெரியாதவர் அல்லர். எழுதமாட்டார், அவ்வளவுதான். எந்த வீட்டில் என்ன சொன்னார்கள் என்பதை, அந்த வீட்டுப் படி இறங்கியதுமுதல் அடுப்படி சேரும்வரை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே போவார். ஒருமுறை நெய்யாற்றின்கரைப் பேருந்தில் நடத்துனர், "எங்கோட்டா சேட்டா?" என்று போகுமிடம் கேட்க, "அடைப்பிரதமன் ரெண்டு உருளி!" என்று பாயசக் கணக்கை அதட்டினாராம். அந்த நடத்துனர் கல்யாணம் எங்கே என்று விசாரித்து, அந்த ஊருக்கே டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்திருக்கிறார்.

குரலைப் பதிவு செய்யக் கைப்பேசி போதாதா என்று நீங்கள் கேட்கலாம். அவர் மகன் ஒன்று வாங்கிக் கொடுத்தான். ஆக்குப்புரையில் சட்டை போடாத மனிதர் அதை வைக்க வேறு இடமின்றி இடுப்பில் செருகினார். பால்பாயசம் பக்குவம் வரும் நேரத்தில் அவர் உருளிக்கு மேல் குனிய, கைப்பேசி உள்ளே குதித்தது. வீட்டுக்காரர் பதறிப்போய், "எடுத்துப் போட்டுட்டு விளம்பும் ஓய், யாரு கண்டா?" என்றார். பரிமாறுவதை எங்கள் பக்கத்தில் விளம்புதல் என்போம். சட்டுவத்தார் அவரை மேலும் கீழும் பார்த்தார். "பாட்டரி வெந்த பாயசம் சாமிக்கும் ஆகாது, சம்பந்திக்கும் ஆகாது" என்றார். உருளி மொத்தத்தையும் தென்னை மூட்டில் கவிழ்த்தார். தம் கைக்காசில் பால் தருவித்து, முதலிலிருந்து கிண்டத் தொடங்கினார். மாப்பிள்ளை வீட்டார் காத்திருந்தார்கள். காத்திருந்து குடித்தபின் ஒருவரும் வாய் திறந்து குறை சொல்லவில்லை.

இப்படிப்பட்டவருக்கு ஒருநாள் சறுக்கியது.

எங்கள் எல்லைப்புறத்தில் இலையின் முறை இரண்டு வகை. எங்களைப் போன்ற தமிழ்க் குடும்பங்களில் பருப்பு, சாம்பார், புளிசேரி, ரசம் எல்லாம் முடிந்த பிறகே பாயசம். அதன்பின் ஒரு வாய் மோர்ச்சோறு, கை கழுவ வேண்டியதுதான். நெய்யாற்றின்கரைப் பக்கத்து மலையாள வீடுகளில் சாம்பார் முடிந்ததுமே பாயசம் வந்துவிடும். பிறகு மறுபடியும் சோறு, புளிசேரி, ரசம், மோர். செங்கல் என்ற ஊரில் ஒரு மலையாள வீட்டு விருந்தும், என் பெரியண்ணன் மகனின் புதுவீட்டுப் பால்காய்ச்சும் அடுத்தடுத்து வந்தன. சட்டுவத்தார் வாயில் இரண்டு வீடும் கலந்துவிட்டன. அண்ணன் மகன் வீட்டில், சாம்பார் முடிந்ததும் பாயசம் வந்து நின்றது.

பெரியண்ணன் குடும்பத்தில் மூத்தவர். ரசத்தைத் தீர்த்தமாக மதிப்பவர். பாயச வாளியைப் பார்த்தார். "ரசம் இல்லாத சாப்பாடா?" என்று கேட்டார். விடைக்குக் காத்திராமல் இலையை மடக்கி எழுந்தார். மூத்தவர் எழுந்தால் பந்தியே எழ வேண்டும் என்பது எங்கள் முறை. முதல் பந்தி அரைவயிற்றோடு எழுந்து நின்றது. அடுக்களை வாசலில் ரச அண்டாவோடு வந்த சட்டுவத்தார் அதைக் கண்டார். அன்று அவர் முகம் இருந்த இருப்பை நான் எழுத விரும்பவில்லை.

அதன்பின் என் பேத்திக்குக் கல்யாணம் நிச்சயமாயிற்று. மாப்பிள்ளை நெய்யாற்றின்கரை மலையாள வீட்டுப் பிள்ளை. சமையலுக்கு நான் சட்டுவத்தாரையே சொன்னேன். அண்ணன் பொங்கினார்.

"எலே, அந்தச் சட்டுவத்தையா திரும்ப விளிச்சிருக்கே? ஊரிலே வேற ஆளு இல்லியா?"

"அவரு கையிலே அமுது உண்டும் அண்ணே."

"அமுது உண்டும். ரசம் உண்டுமா?"

பெரிய வாக்குவாதத்துக்குப் பின், ஒரே ஒரு தடவை என்று ஒத்துக்கொண்டார். இந்தச் செய்தியைச் சொன்னதும் சட்டுவத்தார் எழுந்து நின்றே பதில் சொன்னார்: "சாரே, இந்தக் கல்யாணத்திலே உங்க அண்ணாச்சி மனசு கோணி எந்திச்சார்னா, சட்டுவத்தைக் கழுவிக் கமத்தி வச்சிட்டு, மகன் வீட்டிலே டி.வி. பாத்துட்டு கெடப்பேன். சத்தியமாக்கும்." அவர் சொன்னால் செய்வார். உருளியைக் கவிழ்த்த கை அது.

இந்த நெருக்கடியில்தான் அவர் பாறசாலையில் என் மகன் சங்கரன் நடத்தும் மின்னணுப் பொருள் கடைக்கு வந்தார். நான் அரசாங்க எழுத்தர் வேலையிலிருந்து ஓய்வு பெற்றபின், மாலை வேளைகளில் அங்கேதான் ஒரு நாற்காலியில் பதிகம் முணுமுணுத்துக்கொண்டு அமர்ந்திருப்பேன்.

"மக்கா, பேனா மாதிரி ஒண்ணு உண்டும்லா, பேசுகதைப் பிடிச்சு வைக்கது? அதைக் காட்டு."

சங்கரன் மூன்று குரல்பதிவுப் பேனாக்களை எடுத்து வைத்தான். எத்தனை மணி நேரம் பதியும், எவ்வளவு நேரம் சார்ஜ் நிற்கும் என்று அட்டையைப் படிக்கத் தொடங்கினான். சட்டுவத்தார் கையை உயர்த்தி அவனை நிறுத்தினார்.

"அதை விடு. இது என் காதிலே நிக்குமா?"

வெள்ளிநிறப் பேனாவைக் காதில் செருகினார். செண்டைமேளத்துக்குத் தலையாட்டுகிற தோரணையில் ஓர் ஆட்டு ஆட்டினார். அது பறந்துபோய், விற்பனைக்கு வைத்திருந்த மின்விசிறியின் காலடியில் விழுந்தது. "உருளிக்குள்ளே போகக்கூடிய சாதி" என்று தீர்ப்பளித்தார்.

இரண்டாவது கறுப்பு நிறம். அது எழுதவும் செய்யும் என்று சங்கரன் பெருமையாகச் சொன்னான். அவர் அதைத் திருகி, மைக்குச்சியை உருவி, அவனிடமே நீட்டினார். "இது உனக்கு. குழம்பிலே மை விழுந்தா யாரு பதில் சொல்லுவா?" காதில் அது நின்றது. உடனே பக்கத்து வறுவல் கடைக்குப் போய் விரல்களில் தேங்காயெண்ணெய் தடவிக்கொண்டு வந்தார். பொத்தானை அழுத்தினார். வழுக்கிற்று. மறுபடியும் வழுக்கிற்று. கடையின் கண்ணாடி மேசை முழுவதும் எண்ணெய். என் மகனின் முகம் மட்டும் வறண்டு போயிருந்தது.

மூன்றாவது மெலிந்து நீண்டது, அவரைப் போலவே. பொத்தானுக்குப் பதில் மேலும் கீழும் நகர்த்துகிற ஒரு தாழ் இருந்தது. எண்ணெய் விரலுக்கும் அது இணங்கியது. காதிலும் நின்றது. சங்கரன் பெருமூச்சு விட்டு ரசீது எழுதப் போனான்.

"நில்லு மக்கா. இன்னும் தலையான சோதனை கெடக்கு. சாரே, இப்பம் நீரு வாரும்."

என்னை இழுத்துக்கொண்டு அடுத்த கட்டடத்து மாவு மில்லுக்குள் நுழைந்தார். இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. திருநீறு பூசிய மேனிமேல் அரிசிமாவும் படிய, நான் நடுவில் நின்றேன்.

"நீரு 'சரி'ன்னு சொல்லும். மனசில்லாம சொல்லணும்."

நான் சொன்னேன். அவர் பேனாவைக் காதில் ஒட்டிவைத்துக் கேட்டு, உதட்டைப் பிதுக்கினார்.

"இது மனசோட சொன்ன சரியாக்கும். நமக்கு வேண்டியது இதில்லே. ஞாயித்துக்கிழமை வேலைக்கு வரணும்னு மேலதிகாரி பறஞ்சா எப்படிச் சொல்லுவீரு? அதைச் சொல்லும்."

சொன்னேன். மில்லுக்காரர் இயந்திரத்தை விட்டுவிட்டு என்னை இரக்கத்தோடு பார்த்தார். சட்டுவத்தார் மறுபடியும் கேட்டார். இரைச்சலுக்கு நடுவே என் குரல் மெலிதாக வந்தது. அவர் முகம் மலர்ந்தது.

"ஆகா! இதாக்கும் சரி. இதிலே உம்ம சர்வீஸ் முழுசும் கேக்குது. மக்கா, இதுக்கு ரசீது எழுது!"

எதற்காக இந்தச் சோதனை என்று, மாவைத் தட்டிக்கொண்டே கேட்டேன். "சாரே, வீட்டம்மைமாரு 'போதும்'னு சொல்லுவா. எழுதி வச்சா அந்தப் போதும் மட்டும் இருக்கும். எப்படிச் சொன்னான்னு இருக்காது. எனக்கு வெறும் வார்த்தை வேண்டாம், சொன்ன ஆளாக்கும் வேண்டியது" என்றார். ஏட்டில் இருக்கும் பதிகத்துக்கும் பண்ணோடு எழும் பதிகத்துக்கும் உள்ள வேறுபாட்டை இதைவிடத் தெளிவாக ஒருவர் சொல்ல நான் கேட்டதில்லை. அதைச் சொன்னவர் உடனே, "விலையைக் கொறைக்கச் சொல்லும் உம்ம மகன்கிட்ட" என்று சேர்த்ததையும் மறைக்கக்கூடாது.

அடுத்த வாரம், காதுப் பேனாவில் பதிவுக்கான சிவப்பு விளக்கு எரிய, மாப்பிள்ளை வீட்டுக்குப் போய் அவர்கள் முறையைக் கேட்டுப் பதிந்தார். சாம்பார் முடிந்தால் பாயசம், அதில் மாற்றமில்லை என்றார்கள். பிறகு எங்கள் வீட்டுக்கு வந்து, அண்ணன் முன்னால் கைகட்டி நின்றார்.

"அண்ணாச்சி, அவங்க முறையைச் சொல்லிட்டாங்க. நீங்க எப்படிச் சொல்லுகீங்களோ அப்படி."

அண்ணன் சொன்னார்: "அவங்க முறைப்படியே நடக்கட்டும். நம்ம பொண்ணைக் குடுக்கோம்லா. ரசம் எப்பம் வந்தா என்ன, எனக்குச் சரி."

வீட்டில் எல்லாருக்கும் நிம்மதி. சட்டுவத்தார் மட்டும் உதட்டைப் பிதுக்கியபடி தாழை நகர்த்திப் பதிவை நிறுத்திவிட்டுப் போனார்.

கல்யாணத்தன்று முதல் பந்தி. அண்ணனுக்குப் பக்கத்து இலையில் மாப்பிள்ளையின் தாத்தா. சாம்பார் முடிந்தது. பந்தியின் அந்தக் கோடியில் பாயச வாளி தென்பட்டது. நான் எதிரே நின்று அண்ணனின் வலக்கையை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். அது இலையின் விளிம்புக்குப் போய், மடக்கலாமா வேண்டாமா என்று தயங்குவதுபோல அங்கேயே நின்றது.

அப்போது பாயசத்தை முந்திக்கொண்டு, ஆக்குப்புரையிலிருந்து சட்டுவத்தார் தாமே வந்தார். கையில் ஒரு சிறிய பித்தளைச் செம்பு. அண்ணனின் இலையில் கொஞ்சம் சோற்றை ஒதுக்கி, ஆவி பறக்கும் ரசத்தை விட்டார்.

அண்ணன் நிமிர்ந்தார். "எப்பம் வந்தாலும் சரின்னு நான்தான் சொன்னேன்லா?"

"சொன்னீங்க அண்ணாச்சி. அந்தச் சரியைப் பலமட்டம் திருப்பித் திருப்பிக் கேட்டேன். கடைசியிலே ஒரு மூச்சு விட்டீங்க. அது ரசத்துக்காக விட்ட மூச்சாக்கும்."

விளிம்பிலிருந்த அண்ணனின் கை சோற்றுக்கு வந்தது. ஒரு கவளம் உள்ளே போயிற்று. பிறகு, அவர் வாயால் வெளிவரும் என்று எங்கள் குடும்பத்தில் எவரும் எதிர்பாராத சிரிப்பு ஒன்று வந்தது.

"இன்னும் கொஞ்சம் விடும் ஓய்."

பக்கத்து இலைத் தாத்தா எட்டிப் பார்த்து, "எனிக்கும் இச்சிரி ஒழிக்கு" என்று தமக்கும் கொஞ்சம் ஊற்றச் சொல்லிக் கையை நீட்டினார். அந்தப் பந்தியில் ரசம் பாயசத்துக்கு முன்னும் வந்தது, பின்னும் வந்தது. சட்டுவம் இன்றுவரை கவிழவில்லை.

கல்யாணச் சந்தடி ஓய்ந்தபின் அவர் என் வீட்டுக்கு வந்தார். காதிலிருந்து பேனாவை எடுத்து என் முன்னால் நீட்டினார்.

"சாரே, ஒரு பதிகம் பாடித் தாரும். காலையிலே அடுப்பு மூட்டும்போ கேக்கணும்."

"ஓய், இது தொழில் குறிப்புக்குன்னு வாங்கினதுலா?"

"அடுப்பு மூட்டுகது தொழில் இல்லாம பின்னே என்னவாக்கும்? பாடும்."

பாடினேன். மாதம் ஒருமுறை வந்து, பழையதை அழித்துவிட்டுப் புதிதாக ஒரு பதிகம் பதிந்துகொண்டு போகிறார். இத்தனை காலமும் இறைவன் ஒருவன்தானே கேட்கிறான், சுருதி கொஞ்சம் விலகினாலும் பொறுத்துக்கொள்வான் என்ற தைரியத்தில் பாடிவந்தேன். சட்டுவத்தார் கேட்கிறார் என்று ஆனபிறகு, விடியற்காலையில் தொண்டையைச் சரிசெய்துகொண்டு, கவனமாகப் பாடுகிறேன்.