கறுப்புத் துணிக்குச் சந்தனப் பொட்டு

பிரிக்பீல்ட்ஸ்,
திங்கட்கிழமை.

காப்பாரில் இருக்கும் தம்பி கன்னையாவுக்கு அக்கா பவுனம்மாள் எழுதுவது. நான் முழங்கால் வலியோடு சுகம். உன் சுகமும் உன் மோட்டார் சைக்கிளின் சுகமும் அறிய ஆசை.

கிள்ளான் கல்யாணப் பந்தியில், "என் பேரன் வேலாயுதம் பவர் ஸ்டேஷன்ல கரண்டு எடுக்கிறான், உங்க பேத்தி யுனிவர்சிட்டியில துணிக்கு லைட்டு அடிக்கிறாளாம் லா" என்று சிரித்தாயே, அதற்குப் பதில் இது. எங்கள் சந்திரகலாவும் கரண்டுதான் எடுக்கிறாள், அதுவும் புகையில்லாமல். எரிபொருள் கலம் என்று பேர். ஹைட்ரஜன் வாயுவை விட்டால் கரண்டும் தண்ணீரும் வரும். அதற்குள் வைக்கிற கறுப்புக் கார்பன் துணியில் சேப்பங்கிழங்கு இலை மாதிரி தண்ணீர் ஒட்டாது, பூசுகிற பிளாட்டினமும் சரியாகப் பிடிக்காது. அதனால் கண்ணாடிக் கூண்டில் வைத்து, காற்றை உறிஞ்சி, துளி வாயு விட்டு, கரண்டு கொடுத்தால் ஊதா வெளிச்சம் வரும். அது பிளாஸ்மா. அது பட்டதும் துணி வீம்பை விட்டுவிடும். இன்றைக்குப் புரொபசர் முன்னால் அந்தக் கலத்தின் கரண்டில் குட்டி விசிறி சுற்ற வேண்டும். சுற்றினால் மேல்படிப்புக்கு ஜப்பான்.

வெள்ளிக்கிழமை அந்தத் துணியில் ஒரு துண்டை டப்பாவில் கொண்டுவந்தாள். "விரல் எண்ணெய் பட்டாலே கெட்டுரும் பாட்டி" என்றாள். உன் மோட்டார் சைக்கிளுக்கே பொட்டு வைத்தவள் நான், இதை மொட்டையாக அனுப்புவேனா? விரல் படாமல் ஸ்பூனால் சந்தனம் வைத்தேன், குங்குமம் வைத்தேன், சாமி மேடையில் சூடம் காட்டினேன், கரி படிஞ்சிடுச்சு, சோப்புப் போட்டேன், சந்தனம் பரவிடுச்சு, கொடியில காயப் போட்டேன், பக்கத்து வீட்டு ரமணி அதை எடுத்து ரசச் சட்டியை இறக்கிட்டா. கேட்டா, "நல்லாச் சூடு தாங்குதுக்கா, எந்தக் கடையில வாங்குனீங்க" என்கிறாள்.

நேத்து ராத்திரி கலா பார்த்தா. உதட்டைக் கடிச்சுக்கிட்டு, தோள் குலுங்க, அறைக்குள்ள போய்க் கதவைச் சாத்திட்டா. இன்னிக்குக் காலையில பசியாறாமலே கிளம்பிட்டா. விசிறி சுத்தாது தம்பி. பிள்ளையோட ஜப்பானை நானே கழுவிட்டேன். வேலாயுதத்திடம் மட்டும் சொல்லிவிடாதே.

சிரிக்காமல் இதுவரை படித்தவர்களுக்கு என் ஆசீர்வாதம்.

அக்கா பவுனம்மாள்

பின்குறிப்பு: கவரை ஒட்டுவதற்குள் கலா வந்துவிட்டாள். விசிறி சுற்றியதாம். "அசல் துணி லேப்லயே இருந்துச்சு பாட்டி. இது கழிச்சுப் போட்டது. பொட்டு வைக்காட்டி உங்களுக்குத் தூக்கம் வராதுன்னுதான் கொண்டாந்தேன்" என்கிறாள். ஆகவே மேலே எழுதியதை நீ படிக்கவில்லை. பூஜை போட்டதால்தான் சுற்றியது என்று வேலாயுதத்திடம் சொல். அவன் ஸ்டேஷனுக்கும் வேண்டுமென்றால் ஸ்பூனோடு வருகிறேன்.