நீலக் கேற்றுக்காக நான் பண்ணிய ஜெபம்

நான் என் வாழ்நாளில் ஒரு தரம்கூட யாரைப் பற்றியும் கோள் சொன்னதில்லை. ஜெபக்குறிப்பு மட்டுந்தான் கொடுத்திருக்கிறேன்.

இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். "அவட மகன் குடிக்கத் தொடங்கித்தானாம்" என்று சொன்னால் அது கோள். (பாவம்.) "அவட மகனுக்காகக் கொஞ்சம் பாரத்தோட ஜெபிச்சுக்கொள்ளுங்க, ஏனெண்டு மட்டும் கேளாதீங்க" என்று சொன்னால் அது ஜெபக்குறிப்பு. (ஊழியம்.) கேளாதீங்க என்று சொன்ன பிறகும் கேட்காமல் இருக்கிற மனிதர் கல்முனையில் இன்னும் பிறக்கவில்லை.

அப்போது எனக்கு முப்பத்தைந்து வயது. பள்ளிக்கூடத்தில் டீச்சர், எங்கள் சபையில் பெண்கள் ஜெபக்குழுவின் செயலாளர். யார் வீட்டில் என்ன கஷ்டம் என்று எல்லாருக்கும் முன்னால் எனக்குத் தெரியவேண்டும், இல்லாவிட்டால் எப்படி ஜெபிப்பது? இதை நான் உண்மையாகவே நம்பியிருந்தேன் என்பதுதான் இந்தக் கதையில் பெரிய பகிடி.

எங்கள் சபையில் ரூபி அக்கா என்று ஒருவர். ஆஸ்பத்திரியில் நோயாளிகளைத் தூக்கிப் புரட்டிக் குளிப்பாட்டுகிற வேலை செய்து ஓய்வு பெற்றவர். கலியாணம் செய்யவில்லை. ஞாயிறு பாடசாலையில் சின்னப் பிள்ளைகளின் வகுப்பு அவருடையது. நான் பத்துத் தரம் கத்தினாலும் அசையாத என் மகள், ரூபி அக்கா புருவத்தை உயர்த்தினால் செருப்பைக் கழற்றி ஒழுங்காக வைப்பாள். அந்த வகுப்பைத் தவிர அவருக்கு வேறு குடும்பம் கிடையாது.

ஒரு செவ்வாய்க்கிழமை, முஸ்லிம் சனங்கள் இருக்கிற கல்முனைக்குடிப் பக்கம் சட்டை தைக்கக் கொடுக்கப் போனேன். தையல்காரர் அளவு எடுத்த நாடாவைச் சுருட்டிக்கொண்டிருக்கிறார், நான் சும்மா எதிரே போகிற ஒழுங்கையைப் பார்க்கிறேன். ஒரு வீட்டு வாசலின் நீலக் கேற்றடியிலிருந்து ரூபி அக்கா வருகிறார். தலையில் முக்காடு.

வெறும் வாயை மென்றுகொண்டிருந்தவளுக்கு அவல் கிடைத்துவிட்டது.

அடுத்த செவ்வாய், சட்டை எடுக்கப் போனேன். அதே நேரம், அதே கேற்றடி, அதே முக்காடு. மூன்றாம் செவ்வாய்க்குத் தைக்க வீட்டில் துணியே இல்லை. ஒரு தலையணை உறையைக் கொண்டுபோய் ஓரம் அடிக்கச் சொன்னேன். (அது ஏற்கனவே ஓரம் அடித்த உறை. தையல்காரர் என்னை ஒரு மாதிரித்தான் பார்த்தார்.) அன்றும் ரூபி அக்கா முக்காட்டோடு வந்தார். எனக்குச் சந்தேகமே இல்லாமல் போயிற்று. அக்கா மதம் மாறப்போகிறார். அல்லது இந்த வயதில் கலியாணம் கட்டப்போகிறார். அல்லது இரண்டும்.

நாங்களும் ஜெபம் பண்ணும்போது முக்காடு போடுகிறவர்கள்தானே என்ற யோசனை எனக்கு வரவில்லை. என் தலையிலும் ஞாயிறுதோறும் அதே முக்காடுதான் இருந்தது.

அன்று பின்னேரமே மூன்று பேருக்கு மட்டும் வட்ஸ்அப்பில் ஜெபக்குறிப்பு அனுப்பினேன். வெள்ளிக்கிழமை மீன் வாங்கப் போன இடத்தில் முன்பின் தெரியாத ஒரு பெண் அந்தக் குறிப்பை எனக்கே இரகசியமாகச் சொன்னாள். ஞாயிற்றுக்கிழமை, பிள்ளைகளின் வகுப்பை ரூபி அக்காவிடமிருந்து எடுத்து வேறு யாரிடமாவது கொடுத்தால் என்ன என்ற பேச்சு வந்துவிட்டது. வியாழக்கிழமை வீட்டு ஜெபக்கூட்டம் முடிந்ததும் முடிவெடுப்பதாக ஏற்பாடு. நான் கொஞ்சம் பயந்தேன். அதைவிடக் கூடுதலாக, என்னால் ஒரு விசயம் நடக்கிறதே என்று உள்ளுக்குள் குளிர்ந்தேன். இதை எழுதக் கூச்சமாக இருக்கிறது. ஆனால் உண்மை அதுதான்.

வியாழன் நாலரை மணி. கூட்டம் ஜெயமலர் வீட்டு மண்டபத்தில். ஜெயமலர் என் சிநேகிதி, அந்த மூன்று பேரில் முதலாமவள். பதினைந்து பெண்கள் பாயில் இருந்தோம். ரூபி அக்காவைக் காணவில்லை. அன்றைய வேதபாடம் என்னுடையது, தலைப்பு அயலாரிடத்தில் அன்பு. (சிரிக்காதீர்கள். தலைப்பு வருட ஆரம்பத்திலேயே குலுக்கிப் போட்டு வந்தது.) அரை மணித்தியாலம் உருகி உருகிப் பேசினேன். இரண்டு பேர் கண்ணைத் துடைத்தார்கள். பிறகு எல்லாரும் கண்ணை மூடினோம். நான் சத்தமாக ஜெபிக்கத் தொடங்கினேன்.

"அன்பின் ஆண்டவரே, உமக்கு எல்லாம் தெரியும். எண்டாலும் சொல்லுறன். எங்கட சகோதரி ஒருத்திக்காக உம்மட சமுகத்துக்கு வாறன். பேர் சொல்ல மாட்டன், ஆண்டவரே. சின்னப் பிள்ளையளுக்குப் பாடம் சொல்லிக்குடுக்கிறவ. முந்தி ஆஸ்பத்திரியில வேல செஞ்சவ. கறுத்தக் குடை பிடிக்கிறவ."

"ஆமென்!" என்றாள் ஜெயமலர்.

எங்கள் கூட்டங்களில் ஜெபம் உருக்கமாகப் போனால் மற்றவர்கள் ஆமென் சொல்லி உற்சாகப்படுத்துவார்கள். எனக்கு உற்சாகம் வந்தது.

"அவ போற இடம் உமக்குத் தெரியும், ஆண்டவரே. தையல்கடைச் சந்தியால திரும்பி, இடக்கைப் பக்கம், மூணாம் வீடு. நீலக் கேற்!"

"ஆமென்! ஆமென்!" இப்போது நாலைந்து குரல். யாரோ என் சாறித் தலைப்பைப் பிடித்து இழுத்தார்கள். உருக்கம் தாங்க முடியாமல் இழுக்கிறார்கள் என்று எண்ணி நான் குரலை இன்னும் உயர்த்தினேன்.

"அந்த வீட்டுக்காரர் விரிச்ச வலையில இருந்து எங்கட சகோதரிய விடுவியும்! அந்த நீலக் கேற்ற அவவுக்கு அடைச்சுப் போடும், ஆண்டவரே!"

"ஆமென்! ஆமென்! ஆமென்!" மண்டபமே அதிர்ந்தது. என் ஊழியத்தில் இப்படியொரு எழுப்புதலைக் கண்டதில்லை. முழுத் திருப்தியோடு முடித்துவிட்டுக் கண்ணைத் திறந்தேன்.

வாசலில் ரூபி அக்கா. கையில் கறுத்தக் குடை. அவருக்குப் பக்கத்தில், ஹபாயா அங்கி போட்ட, ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண். இருவரும் 'கறுத்தக் குடை' சொன்ன இடத்திலேயே வந்து நின்றுவிட்டார்களாம். பதினாலு பேரும் பார்த்திருக்கிறார்கள். ஆனால் வாசலில் ஆள் நிற்கிறது என்று வாய்விட்டுச் சொன்னால், ஜெபத்தில் கண்ணைத் திறந்திருந்தேன் என்றல்லவா ஒப்புக்கொள்ள வேண்டும்? அதற்கு ஒருத்திக்கும் மனம் வரவில்லை. ஆகவே ஆமென் போட்டு என்னை நிறுத்தப் பார்த்திருக்கிறார்கள். சாறியை இழுத்தது ஜெயமலர். தலைப்பில் குத்திய ஊசியே வளைந்துபோயிருந்தது.

நிலம் பிளந்து என்னை விழுங்கவேண்டும் என்று அன்றைக்குத்தான் நான் மனதார ஜெபித்தேன். அது கேட்கப்படவில்லை.

வந்தவர்தான் முதலில் வாயைத் திறந்தார்.

"தங்கச்சி, நீலக் கேற் எங்கட ஊடில்ல. அது பக்கத்து ஊடு. எங்கட கேற் பச்ச. ஒங்கட துஆ அங்க போய்ச் சேந்திட்டா அந்தச் சனங்க பாவம்."

ஒருவரும் சிரிக்கவில்லை. ரூபி அக்கா செருப்பைக் கழற்றி ஒழுங்காக வைத்துவிட்டு உள்ளே வந்து என் முன்னால் இருந்தார்.

"என்னட்டக் கேட்டிருக்கலாமே, புள்ள," என்றார். "கடவுளுக்கிட்ட இவ்வளவு விளக்கமாச் சொல்றதுக்கு முந்தி, என்னட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாமே கா."

கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். குரல் உடைந்துதான் சொன்னார்.

பிறகு விசயம் மெல்ல மெல்ல வெளியே வந்தது. வந்தவர் ஹாஜரா லாத்தா. (லாத்தா என்றால் அக்கா.) அவருடைய உம்மா பாரிசவாதத்தில் விழுந்து நாலு மாதம். ஒரு பக்கம் முழுக்க அசைவில்லை, முதுகில் படுக்கைப் புண். முன்னொரு தரம் உம்மா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது பார்த்த பழக்கத்தில் ரூபி அக்கா வாரத்தில் மூன்று நாள் போய்ப் புண்ணைத் துடைத்து மருந்து கட்டி, குளிப்பாட்டிப் புரட்டிவிட்டு வந்திருக்கிறார். ஒருவரிடமும் மூச்சு விடவில்லை.

"அப்ப முக்காடு?" என்று கேட்டாள் ஜெயமலர். (நான் கேட்கவில்லை. கேட்க வாய் துடித்தது, அது வேறு கதை.)

"மருந்து கட்டி முடிச்சா உம்மாட கட்டிலடியில நிண்டு ஜெபம் பண்ணுவன். ஹாஜராவும் பக்கத்தில நிண்டு துஆக் கேப்பா. மறுகா தேத்தண்ணி குடிச்சுப்போட்டு வரக்குள்ள முக்காட்ட இறக்க மறந்திருவன்," என்றார் ரூபி அக்கா. "இனி உம்மாவ எழுப்பி இருத்திப் பழக்கோணுமாம். தனிய என்னால ஏலாது. எங்கட சபைப் பொம்பிளையள் வருவாங்க, வந்து கேளுங்க எண்டு நாந்தான் கூட்டிவந்தன்."

எங்கள் அன்பை நம்பித்தான் கூட்டி வந்திருக்கிறார். நான் அவரை வாசலில் நிறுத்தி வைத்து, அந்த அன்பு இன்னதென்று விலாவாரியாகக் காட்டிவிட்டேன். ஹாஜரா லாத்தா இனி எங்கள் பக்கம் திரும்பியும் பார்க்கமாட்டார், கட்டிலில் கிடக்கிற அந்த உம்மாவை இருத்தி வைக்க ஆள் இல்லாமல் போகப்போகிறது, அதற்கும் காரணம் நான்தான் என்று விளங்கியது. "மன்னிச்சுக்கொள்ளுங்க லாத்தா, மன்னிச்சுக்கொள்ளுங்க அக்கா" என்று தேம்பினேன்.

ஹாஜரா லாத்தா பாயின் ஓரத்தில் வந்து இருந்தார். என் அழுகை ஓயும்மட்டும் பொறுத்திருந்துவிட்டுச் சொன்னார்:

"நான் உம்மாக்குத் துஆக் கேக்கவுந்தான் வந்தன். இன்னொரு தரம் கேளுங்க தங்கச்சி. இந்தத் தரம் கண்ணத் தொறந்துகிட்டுக் கேளுங்க."

என் வாழ்க்கையின் மிகச் சிறிய ஜெபம் அதுதான். "ஆண்டவரே, லாத்தாட உம்மாவுக்குச் சுகம் தாரும். எனக்கு ஒரு வாய்ப்பூட்டுத் தாரும்." பதினாலு பேரும் கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டே ஆமென் சொன்னார்கள். ரூபி அக்கா மட்டும் சொல்லவில்லை, சிரித்துவிட்டார்.

வகுப்பை எடுக்கிற பேச்சை அதன் பிறகு யாரும் எடுக்கவில்லை. எடுப்பதற்கு முன் நானே எழும்பி, அந்தக் கதையைத் தொடக்கியவள் நான்தான் என்று பதினாலு பேர் முன்னால் சொன்னேன். (பதினாலு பேருக்கும் அது முன்னமே தெரிந்திருந்தது.) யார் யார் எந்த நாள் போவது என்று அங்கேயே பிரித்தோம். எனக்குச் செவ்வாய் விழுந்தது. முதல் நாள் பச்சைக் கேற்றைத் தள்ளுமுன் நிறத்தை இரண்டு தரம் பார்த்துக்கொண்டேன். உம்மாவின் தோளைத் தாங்கி இருத்தினால், அவர் கோணலான வாயால் ஏதோ சொல்லிச் சிரித்தார். என்ன சொல்கிறார் என்று கேட்டேன். "அட்ரெஸ் டீச்சர் வந்துட்டாவா எண்டு கேக்கிறாங்க" என்றார் லாத்தா.

உம்மா இன்னும் இரண்டு வருடம் இருந்தார். சுவரைப் பிடித்து நடக்கும் அளவுக்குத் தேறி, ரூபி அக்காவின் கையைப் பிடித்தபடி ஒரு காலையில் போய்ச் சேர்ந்தார். அந்த வீட்டுப் பெண்களோடு சேர்ந்து நாங்களும் அழுதோம்.

அந்தப் பட்டப்பெயர் மட்டும் போகவில்லை. ஒவ்வொரு பெருநாளுக்கும் லாத்தா வீட்டிலிருந்து எங்களுக்குப் புரியாணிச் சட்டி வரும். மூடியில் ஒரு கடதாசித் துண்டு ஒட்டியிருக்கும். என் பெயர் இருக்காது. சந்தி, ஒழுங்கை, எத்தனையாம் வீடு, கேற்றின் நிறம், எல்லாம் இருக்கும். என் கணவர் அதைச் சத்தமாக வாசித்து, "ஆமென்" சொன்ன பிறகுதான் சட்டியைத் திறக்க விடுவார்.

இந்த முறை பெருநாளுக்கு முதல் நாள்தான் எங்கள் கேற்றுக்கு வெள்ளை அடித்தோம். மறுநாள் வந்த சட்டியின் மூடியில், 'கேற் இப்ப வெள்ள' என்று எழுதியிருந்தது. ஒரு இரவுக்குள் இந்தச் செய்தி யார் மூலம் கல்முனைக்குடிக்குப் போனது என்று நான் விசாரிக்கவில்லை. விசாரிக்கிற பழக்கத்தை நான் விட்டுவிட்டேன். (ஜெயமலர்தானாம்.)