மஞ்சள் தொப்பிக்கு இரண்டு சொந்தக்காரிகள்

அன்புள்ள அண்ணன் ரூஃபஸுக்கு,

அலபாமாவிலிருந்து தம்பி கிளியோஃபஸ் வணக்கத்துடன் எழுதுவது. டெட்ராய்ட் குளிரில் உங்கள் முழங்கால் எப்படி இருக்கிறது? இங்கே எங்கள் உடம்புக்கு ஒன்றுமில்லை; வீட்டுக்குத்தான் கொஞ்ச நாளாக உடம்பு சரியில்லாமல் இருந்தது.

ரிட்டையரான பிறகு பல்கலைக்கழக ஓவியக்கூடத்தில் வருகிறவர்களுக்குச் சுற்றிக்காட்டுகிறேன் அல்லவா, அங்கே இப்போது ஆப்பிரிக்காவிலிருந்து கடல் கடத்தப்பட்டுத் திசைக்கொன்றாகச் சிதறிய நம் வம்சத்து ஓவியர்களின் கண்காட்சி. அதில் டிரினிடாட்காரி மார்வா வரைந்தது, மஞ்சள் தொப்பி போட்டு யாரையோ முறைக்கிற ஒரு பெரிய மனுஷியின் படம். திறப்பு விழாவுக்கு நம் சர்ச்சே திரண்டு வந்தது. என் மனைவி எர்னஸ்டின் அந்தப் படத்தின் முன் நின்று, "எல்லாரும் பாத்துக்கங்க, இது நான்தான். ஈஸ்டருக்கு நான் போட்ட தொப்பி" என்றாள். பாடகர் குழுவில் அவள் பக்கத்திலேயே நின்று பாடும் வெர்டெல், "தொப்பியை விடு, மூக்கைப் பாரு. எங்கப்பா மூக்கு. இது நான்" என்றாள். "முறைப்பு வேணும்னா உன்னோடதா இருக்கும்" என்றாள் இவள். அவ்வளவுதான். பாடும்போது ஒருத்தி இந்த ஓரம், ஒருத்தி அந்த ஓரம். பாஸ்டர் சமாதானத்தைப் பற்றிப் பிரசங்கம் செய்தால், அது மற்றவளுக்கு என்று இருவரும் பலமாகத் தலையாட்டினார்கள். "தினம் அங்கதானே நிக்கிறீங்க, யாருன்னு நீங்களே சொல்லுங்க" என்று எர்னஸ்டின் என்னைப் பிடித்தாள். "அங்க வெளிச்சம் போதாதும்மா" என்றேன். அன்றோடு வீட்டில் எனக்குச் சோள ரொட்டி நின்றுபோனது.

போன வாரம் மார்வாவே ஓவியக்கூடத்துக்குப் பேச வந்தாள். முன்வரிசையில் இரண்டு மஞ்சள் தொப்பிகள். அவள் வாயைத் திறப்பதற்குள் வெர்டெல் எழுந்து, "கண்ணு, ஒளிக்காம சொல்லு. படத்துல யாரு?" என்றாள்.

"எங்கம்மாங்க. சந்தையில மீன் வித்தாங்க. படம் முடியறதுக்குள்ள போயிட்டாங்க. நீங்க ரெண்டு பேரும் இப்படி உக்காந்து முறைக்கிறதைப் பாத்ததும்…"

சொல்லும்போதே அழுதுவிட்டாள்.

"வெர்டெல், என்னத்தப் பாத்துக்கிட்டு நிக்கிறே? கைக்குட்டைய எடு" என்றாள் எர்னஸ்டின். சண்டைக்குப் பிறகு அவர்கள் பேசிய முதல் பேச்சு அது. இருவரும் அந்தப் பெண்ணை ஆளுக்கொரு கையாகப் பிடித்து நம் வீட்டுக்கே கூட்டிவந்து, பொரித்த கெளுத்தி மீனும் கீரையும் தட்டு கொள்ளாமல் வைத்து, "எலும்பும் தோலுமா இருக்கா பாரு" என்று ஒரே குரலில் திட்டினார்கள். கிளம்பும்போது அவள் இருவருக்கும் முத்தம் கொடுத்தாள்.

ஆகவே வீடு தேறிவிட்டது. வசந்தம் பிறந்ததும் நீங்களும் அண்ணியும் அவசியம் வரவேண்டும். கர்த்தர் உங்கள் வீட்டைச் சூடாகவும் வீட்டுப் பேச்சைச் சுருக்கமாகவும் வைத்துக் காப்பாராக.

இப்படிக்கு,
தம்பி கிளியோஃபஸ்

பின்குறிப்பு: இன்று மார்வா போன் செய்தாள். அடுத்த படத்துக்கு, அன்றைக்கு மீன் பொரித்த கையையும் முகத்தையும் வரைய வேண்டுமாம். யார் என்றுதான் தெரியவில்லையாம். "நான்தான்" என்று எர்னஸ்டின் சமையலறையிலிருந்தும், "நான்தான்" என்று விஷயம் தெரிந்த வெர்டெல் போனிலும் கத்துகிறார்கள். பொரித்தது நான். இங்கே வர இப்போதைக்கு டிக்கெட் எடுத்துவிடாதீர்கள்.