களத்து நெல்லும் பத்தாம் வகுப்பும்

செஞ்சி,
29-8-1964, சனிக்கிழமை காலை

தலைமையாசிரியர் மாப்பிள்ளை மல்லிநாதன் அவர்களுக்கு, மைத்துனன் ஸ்ரீபால் மரியாதையுடன் எழுதிக்கொண்டது. இங்கே வீட்டில் எல்லோரும் சௌக்கியம், என்னைத் தவிர. தாங்கள் கடலூரிலிருந்து நாளை திரும்பியதும் நேரிலேயே சொல்லலாம்தான். ஆனால் வீட்டு மாப்பிள்ளையை நேரில் கண்டால் என் வாய் "வாங்க, மோர் சாப்பிடுங்க" என்றுதான் சொல்லும். அதனால் எழுதுகிறேன்.

பள்ளிக்கூடமும் உள்ளூர்த் தொழிலும் கைகோக்க வேண்டும், வெள்ளிக்கிழமை பிற்பகல்களில் பத்தாம் வகுப்புப் பையன்கள் பன்னிரண்டு பேர் என் ரைஸ் மில்லில் வேலை பழகட்டும் என்று தாங்கள் சொன்னீர்கள். தங்கைக்குப் பயந்து நானும் தலையாட்டினேன். முதல் வெள்ளிக்கிழமை பையன்கள் நோட்டுப் புத்தகத்தோடு வந்து, நெல் அவிக்கிற தனகோட்டியிடம் எத்தனை டிகிரியில் அவிக்கிறீர்கள் என்று கேட்டார்கள். இருபது வருஷமாக நெல் வாய் பிளப்பதைப் பார்த்தே அவித்துவந்த மனுஷர், "டிகிரி தெரியாம இனிமே அடுப்பாண்ட போவமாட்டேன் மொதலாளி" என்று உட்கார்ந்துவிட்டார். அவரைச் சமாதானம் செய்வதற்குள் அடுத்த வெள்ளி வந்தது. மானிட்டர் அரிகிருஷ்ணன் களத்தில் நின்று ஆஜர் எடுத்தான். என் கூலிப் பெண்களும் வரிசையில் நின்று "உள்ளேன் ஐயா" சொன்னார்கள். இப்போது அவர்கள் தினமும் மூன்று மணிக்கு இன்டர்வல் கேட்கிறார்கள். மூன்றாம் வெள்ளி தாமதமாக வந்த தனகோட்டியை அரிகிருஷ்ணன் மூட்டைமேல் ஏறி நிற்கச் சொல்ல, அவரும் ஏறி நின்றிருக்கிறார். அடுப்பில் நெல் குழைந்துபோயிற்று.

இதையெல்லாம் பொறுத்தேன். நேற்று நடந்ததைத்தான் பொறுக்க முடியவில்லை. பனமலை மீனம்பாள் மகளுக்கு வருகிற வெள்ளிக்கிழமை கல்யாணம். பந்திக்கு அரிசியாக்க அவர் கொடுத்த பத்து மூட்டை நெல் அவிந்து களத்தில் காய்ந்துகொண்டிருந்தது. நாலரை மணிக்கு ராஜகிரி மலைமேல் மேகம் கறுத்தது. "அள்ளுங்கடா!" என்று நான் கத்துவதற்கும் பள்ளிக்கூடம் விடும் மணி அடிப்பதற்கும் சரியாக இருந்தது. பள்ளியில் எப்படியோ மில்லிலும் அப்படியே என்று தாங்கள் உத்தரவு போட்டிருக்கிறீர்களாமே! பன்னிரண்டு பேரும் துடைப்பத்தைக் கீழே போட்டு, அணிவகுத்து, ஜன கண மன ஆரம்பித்துவிட்டார்கள். கூலிப் பெண்கள் அசையவில்லை. தார்ப்பாயைப் பாதி இழுத்த தனகோட்டி அப்படியே நின்றார். நான் மட்டும் எப்படி ஓடுவது? நானும் விறைப்பாக நின்றேன். மழை கொட்டியது. ஒருவழியாக முடிந்தது என்று மூச்சுவிட்டால், நடுவில் ஒரு வரி தப்பிவிட்டது என்று அரிகிருஷ்ணன் முதலிலிருந்து மறுபடி பாட வைத்தான்.

ஈர நெல்லை அள்ளிக் குவித்து நிமிர்ந்தபோது பொழுது சாய்ந்துவிட்டது. பொழுது சாய்ந்தபின் சாப்பிடாத நம் சமண வழக்கப்படி எனக்கு ராத்திரிச் சாப்பாடும் போயிற்று. இன்று விடிந்ததும் மீனம்பாள் வந்து, "இன்னா மொதலாளி, கல்யாணத்துக்கு அரிசி கேட்டா நெல்ல ஊற வெச்சிருக்கீங்க? சம்மந்திக்காரங்க மூஞ்சில எப்டி முழிப்பேன்?" என்று அழுதுவிட்டுப் போனார். மழை இன்னும் விடவில்லை. கிடங்கில் கால் வைக்க இடமில்லை. இன்றே நெல்லைப் பரப்பாவிட்டால் முடைநாற்றம் அடித்துவிடும். ஒரு பெண்ணின் கல்யாணப் பந்தியைக் கெடுத்த பாவி என்று ஊர் என்னைச் சொல்லப்போகிறது.

ஆகவே, திங்கட்கிழமை கல்வி அதிகாரி முன்னால் இந்த ஏற்பாட்டை நிரந்தரமாக்கும் ஒப்பந்தத்தில் நான் கையெழுத்துப் போட மாட்டேன். தங்கள் மாணவன் ஒருவன்கூட இனி என் மில் வாசலை மிதிக்கக் கூடாது.

தங்கை சந்தனாவுக்கும் குழந்தைகளுக்கும் என் ஆசிகள். தங்களுக்கு இப்போதைக்கு மரியாதை மட்டும்.

இப்படிக்கு,
ஸ்ரீபால்

பின்குறிப்பு: சனி மாலை. இதை உறையில் போடுவதற்குள் அந்தப் பன்னிரண்டு பேரும் இன்னும் முப்பது பையன்களைக் கூட்டிக்கொண்டு நனைந்தபடி வந்தார்கள். "மொதலாளி, எங்க இஸ்கூல்ல ரூமுங்க சும்மாதான கெடக்குது? தூக்குங்க" என்றான் அரிகிருஷ்ணன். தாங்கள் அனுமதி கொடுத்துவிட்டதாக வாட்ச்மேனிடம் சொன்னது நான்தான். ஐந்து வகுப்பறைகளிலும் ஹாலிலும் நெல்லைப் பரப்பி, மாற்றி மாற்றிக் காலால் துழாவினார்கள். தனகோட்டி ஒரு பிடி அள்ளி முகர்ந்து, "பொழச்சிக்கிச்சி மொதலாளி" என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது. கையெழுத்து என்ன, கைநாட்டும் சேர்த்தே வைக்கிறேன். நெல் காய இன்னும் மூன்று நாள் ஆகுமாம். அதுவரை பள்ளிக்கூடத்தை என் மில்லில் நடத்திக்கொள்ளவும். அதிகாரியையும் அங்கேயே அழைத்து வாருங்கள். தங்கள் அறைக்குள் ஏதாவது எடுக்கப் போவதானால், செருப்பை வெளியில் கழற்றிவிட்டு, ஓரமாக நடந்து போகவும்.