கொம்பரும் கோணல் மானும்

காஞ்சிபுரத்தில் கோயில் யானைக்கு அடுத்தபடியாக ஊரே நலம் விசாரித்த விலங்கு, சென்னையில் கிண்டிக் காட்டிலிருந்த ஒரு வெளிமான். அந்தப் பெருமை முழுவதும் கொம்பரையே சேரும்.

கொம்பர் எங்கள் பட்டுக்கடையில் டிசைன் போடுபவர். கம்ப்யூட்டரில் அவர் கட்டம் கட்டமாக நிரப்பும் மயிலும் யானையும் அட்டையில் துளைகளாகித் தறிக்குப் போகும். அதே அறையில் சேலைகளுக்குப் பெயர் வைப்பவன் நான்; மற்ற நேரத்தில் கவிஞன்.

ஞாயிறு தவறாமல் பஸ் ஏறிப்போய் அந்த மானைப் பார்த்துவிட்டு வருவார். ஒரு கொம்பு முறுக்கிக்கொண்டு வானத்தைக் குத்தும். மற்றது வழி தவறிக் கீழே இறங்கி, கன்னத்தைச் சுற்றி, கண்ணை நோக்கி வளர்ந்துகொண்டிருந்தது.

“புள்ளிமானா இருந்தா உதுந்துட்டு வேற மொளைக்கும் சார். இதுக்கு ஆயுசுக்கும் ஒரே கொம்பு. இன்னும் ரெண்டு விரக்கடைதான், கண்ணு பூடும்” என்பார், தன் கண்ணைப் பொத்திக்கொண்டு.

திங்கட்கிழமை டீக்கடையில் கூட்டம் காத்திருக்கும்.

“என்னா கொம்பரே, தொட்டுச்சா?”

“ஒரு விரக்கடை இருக்குதுபா.”

கடையே உச்சுக்கொட்டும். அந்த வாரப் பத்திரிகையில் என் கவிதை வந்திருந்தது. அதன்மேல் போண்டா வைத்திருந்தார்கள்.

வீட்டிலாவது என்று மனைவியிடம் காட்டினேன். “நல்லாருக்குதுங்க” என்றாள், படிக்காமலே. “அந்த மானு கண்ணு என்னாச்சாம்?”

நாலு கால் பிராணியிடம் தோற்றவனின் வயிற்றெரிச்சல் உங்களுக்குத் தெரியாது.

கொம்பர் அந்த மானையே, கோணல் மாறாமல், சேலைக் கரைக்கு வரைந்தார். முதலாளி துள்ளினார். நான் பெயர்ப் பட்டியலை நீட்டினேன். “பேரு எதுக்குபா? கொம்பர் மான்னாலே விக்கும்!”

அன்று கொம்பர் சாப்பிடப் போன நேரத்தில் அவர் கம்ப்யூட்டரைத் திறந்தேன். கட்டம் கட்டமாக அழித்து, அந்தக் கொம்பை வானத்துக்கு நிமிர்த்திவிட்டேன். அட்டை சொல்வதைத்தானே தறி கேட்கும்? சில வாரத்தில் சேலை வந்தது. கரை நெடுக ஒழுக்கமான மான்கள்.

“யோவ், யாருய்யா கை வெச்சது?” முதலாளி கத்தினார்.

சொல்ல நாலு பொய் தயாராக வைத்திருந்தேன். கொம்பர் குனிந்து, நேரான கொம்பை விரலால் தடவிக்கொண்டே இருந்ததைப் பார்த்ததும், “நான்தான்” என்றது என் வாய்.

அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். “எத்தினி தடவ நிமுத்தலாம்னு நெனச்சேன், கை வரல சார். நீங்களாவது அது கண்ண காப்பாத்துனீங்களே.”

அடி வாங்கியிருந்தால் தேவலாம்.

அடுத்த ஞாயிறு நானும் பஸ் ஏறினேன். வேலியோரம் வந்ததும் கொம்பர் என் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டார். “பயமா இருக்குது. நீங்க பாத்து சொல்லுங்க சார்.”

மான் தலை தூக்கியது. கொம்பு கண்ணுக்கு அடியில் நூல் இழை தள்ளி, வெளியே வளைந்து போயிருந்தது.

“கண்ணு இருக்குது கொம்பரே” என்றேன்.

முதுகுப் பக்கம் என் சட்டை நனைந்தது. இத்தனை வருஷம் எழுதியும், ஒரு மனிதரை அழவைத்த வரி எனக்கு அது ஒன்றுதான்.